இனிமேல் தொடமாட்டேன்

கொச்சித் துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டி, அள்ளிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு வில்லிங்டன். அங்கே வாத்துருத்தியில், பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. கூலி வேலை இருக்கும் எல்லா ஊரையும் போலத்தான்: உடம்பு வலிக்கென்று தொடங்கும் குடி, மனைவி பிள்ளைகளோடு சொந்த ஊருக்கு வண்டி ஏறிய பிறகுதான் சிலருக்கு உறைக்கிறது. "அவ வந்துட்டா விட்டுடுவேன்" என்பார்கள். முதலில் நடக்க வேண்டியது சிகிச்சை. அவள் வருவதும் வராததும் பிறகு.

சட்டென்று நிறுத்தினால்

கேரளத்தில் மாதம் முதல் தேதி மதுக்கடைகளுக்கு விடுமுறை. தினமும் குடிப்பவருக்கு அன்று காலை டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை ஆடும். சட்டை வியர்வையில் நனையும். இதைப் பலவீனம் என்று நினைக்கிறோம். மதுவுக்குப் பழகிவிட்ட மூளை, அது கிடைக்காமல் கட்டுமீறித் துடிப்பதன் அடையாளம் இது.

கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் சிலருக்குச் சித்தம் கலங்கும்: சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள அரசு உத்தரவிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை போட்டது. மதுவைச் சீட்டில் எழுதுவது வைத்தியம் ஆகாது. நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பதும், வைட்டமின் பி1 ஊசியும்தான் வைத்தியம். குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. நெடுநாள் குடித்தவர் அதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

சாம்பாரில் கலக்கும் மாத்திரை

குடியை நிறுத்தவென்று, கணவருக்குத் தெரியாமல் டைசல்பிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் கலப்பது ரொம்பத் தப்பு. அது உடம்புக்குள் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயநோய் உள்ளவருக்கு உயிராபத்து. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

வீட்டுக்கும் வைத்தியம்

சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர். 1980-இல் சென்னையில் அவர் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறது. கண்ணூர் மாவட்டம் தளிப்பறம்பைச் சேர்ந்த முரளி குன்னும்புறத்து குடியில் மூழ்கிக் கிடந்து, மீண்டு, தொழிலதிபரானவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2021-இல் 'வெள்ளம்' படம் வந்தது. சினிமாவில் மாற்றம் சீக்கிரம் வந்துவிடும். வீட்டில் அப்படியில்லை: கணவர் குடியை விட்டு மாதங்கள் ஆன பிறகும், இரவில் கதவு தட்டினால் மனைவிக்கு நெஞ்சு படபடக்கும். "நான்தான் விட்டுட்டேனே, இன்னும் என்ன?" என்று எரிந்து விழுவது அந்தப் பயத்தைக் கூட்டும். பிள்ளையைத் தூது விடுவதும் வேண்டாம். சம்பளத்தைச் சொன்ன தேதியில் அனுப்புங்கள், சொன்ன நேரத்துக்குப் போன் செய்யுங்கள். இடையில் ஒருநாள் சறுக்கினால் மறைக்காமல் சொல்லி, மறுநாளே மருத்துவரிடம் போங்கள். இந்த நோயில் சறுக்கல் சகஜம். அடி வாங்கிய மனைவி, கணவர் திருந்திய பிறகும் திரும்ப மறுக்கலாம். அது அவர் உரிமை.

எங்கே கேட்பது

கேரள ஆயத்தீர்வைத் துறையின் 'விமுக்தி' திட்டத்தில் மாவட்டந்தோறும் சிகிச்சை மையம் உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இதில் தமிழிலேயே பேசலாம், கணவர் வர மறுத்தால் மனைவி மட்டும்கூட அழைக்கலாம்.