மண்ணுக்கும் கணக்கு எழுதியவர்

ஜே.சி.குமரப்பா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, டிராக்டர் நல்லா உழும், ஆனால் சாணி போடாது என்ற பேச்சுதான். நம்மாழ்வார் ஐயா மேடைக்கு மேடை சொன்னது. அதன் சொந்தக்காரர் கலப்பை பிடித்து வளர்ந்தவர் இல்லை. லண்டனில் படித்துத் தேறிய தணிக்கையாளர். காலமெல்லாம் வங்கியில் பேரேடு புரட்டிய எனக்கு அதனாலேயே அவர் மேல் தனிப் பிரியம்.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். பம்பாயில் தணிக்கைத் தொழில், நல்ல வருமானம். பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். இந்தியா ஏன் ஏழையாகக் கிடக்கிறது என்பதை, அரசாங்கத்தின் வரவு செலவை வைத்தே ஆராய்ந்தார். 1929-ல் காந்தியைச் சந்தித்தார். அந்த ஆய்வை 'யங் இந்தியா'வில் தொடராகப் போட்ட காந்தி, குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்கு ஊர் ஊராகக் கணக்கெடுக்க அவரை அனுப்பினார். உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் அந்தப் பத்திரிகையின் பொறுப்பே இவர் கைக்கு வந்தது. எழுதியதற்காகச் சிறைக்கும் போனார். பின்னாளில் 'கிராம உத்யோக் பத்திரிகா'வையும் நடத்தினார்.

சிறையில் எழுதி 1945-ல் வந்த 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில் ஒரு பாகுபாடு சொல்கிறார். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் தேக்கி வைத்த இருப்பு, எடுத்தால் தீரும். மரம், பயிர், மழை எல்லாம் ஓடி வரும் வரவு. பக்குவமாக எடுத்தால் வருஷா வருஷம் வரும். வங்கிப் பாஷையில் சொன்னால், ஒன்று அசல், இன்னொன்று வட்டி.

இதை நம்ம திண்டுக்கல் சீமையில் வைத்துப் பாருங்கள். சிறுமலையில் பெய்கிற மழையில் ஊறும் கிணறு வட்டி. 800 அடி, 1000 அடி என்று போர் போட்டு உறிஞ்சுவது அசல். அந்த அசலை எடுக்க, வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைக்கிறோம். ஒரே நேரத்தில் இரண்டு கடன்! நகைக்கு ரசீது இருக்கிறது, மீட்டுவிடலாம். பாறைக்கு அடியில் போன தண்ணீருக்கு எந்த ரசீது?

பயிர்க்கடன் மதிப்பீட்டில் விதைக்கு, உரத்துக்கு, மருந்துக்கு, கூலிக்கு எல்லாம் இடம் உண்டு. அறுவடைக்குப் பிறகு மண்ணில் என்ன மிச்சம் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. குமரப்பா வாழ்நாள் முழுக்கக் கேட்டது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து, 1949-ல் அறிக்கை தந்தார். உழுகிறவனுக்கு நிலம் வேண்டும் என்றது அது. நாடு பெருந்தொழில் பாதையில் போனது. அவர் மதுரைக்குத் தெற்கே தே.கல்லுப்பட்டி ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில் மறைந்தார்.

விவசாயி நண்பர்களே, அரசாங்கம் அந்தக் கட்டத்தைப் போடும்வரை காத்திருக்க வேண்டாம். வரவு செலவு நோட்டில் நாமே இரண்டு கோடு போடுவோம். மாதம் ஒருமுறை கிணற்று நீர்மட்டம் எத்தனை அடி? ஒரு போகத்துக்கு எத்தனை வண்டி எரு போட்டோம்? லாபம் ஏறி இந்த இரண்டும் இறங்கினால், அது லாபமில்லை. அசலைத் தின்கிறோம் என்று அர்த்தம்.