ஸ்விங் கிதாரின் ஒலியும் நடையும்

இசைக்கருவி ஒவ்வொன்றிற்கும் தனக்கெனக் குரல் ஒன்று உண்டு. ஆயினும் அக்குரல் என்றும் ஒரே தன்மையதாய் நிற்பதன்று. காலமும் இடமும் மீட்டுவோன் கையும் மாறுந்தோறும் அதுவும் மாறும். இற்றைநாளில் கிதாரின் ஒலி கேளாத மாணவர் நம்மில் அரியர். ஆனால், அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையின் ஒரு பிரிவாகிய ஸ்விங், 1930-ஆம் ஆண்டையடுத்துப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓங்கி நின்ற காலத்தில், அக்கருவி எங்ஙனம் ஒலித்தது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வொலியை மீண்டும் எழுப்புதல் எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் அவ்வொலி பிறந்த காரணத்தை அறிதல் வேண்டும். ஸ்விங் இசைக்குழுவில் பன்னிருவர்க்கு மேற்பட்டோர் அமர்ந்து டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் முதலிய ஊதுகருவிகளை முழக்குவர். முழவு ஒருபுறம் அதிரும். அப்பேரொலியினிடையே மின்விசையின் துணையின்றிக் கிதார் கேட்கப்படல் வேண்டும். முன்னர் அவ்விடத்தில் இருந்தது பாஞ்சோ என்னும் கருவி. அதனை நீக்கிக் கிதார் வந்து அமர்தற்கு, கிப்ஸன் நிறுவனத்தார் 1922-இல் வெளியிட்ட எல்-5 என்னும் கருவி பெருந்துணையாயிற்று. அதன் முகப்பலகை தட்டையாக இன்றி, வயலினுக்குப் போலச் செதுக்கி வளைத்துச் செய்யப்பெற்றது. நடுவில் வட்டத் துளைக்கு மாறாக இருபாலும் நெளிந்த துளைகள் அமைந்தன. அதன் ஒலி நெடுநேரம் நின்று முழங்குவதன்று. சட்டென எழுந்து, தெறித்து, விரைவில் அடங்குவது. அவ்வியல்பே பெருங்குழுவினிடையே அதனைத் தெளிவாகக் கேட்பித்தது. எட்டி லாங் (1902–1933) என்பார் இக்கருவியின் ஆற்றலை முன்னின்று விளக்கிக் காட்டியோருள் ஒருவர்.

இனி, தாளந் தாங்கும் கிதாருக்குத் தலைசிறந்த சான்று பிரெட்டி கிரீன் ஆவார். கவுண்ட் பேஸியின் குழுவில் 1937-இல் சேர்ந்த இவர், 1987-இல் இறக்குமளவும், இடையே ஒரு சிறு பிரிவு நீங்கலாக, அப்பணியிலேயே நின்றார். தனித்து வாசித்துப் புகழ்பெற அவர் விரும்பினாரல்லர். அவர் கருவியின் தந்திகள் தடித்தவை. மெட்டுகளுக்கு மேல் உயர்த்திக் கட்டப்பெற்றவை. ஆறு தந்திகளையும் ஒருங்கே முழக்குவது அவர் வழக்கமன்று. மூன்று சுரமோ, சிலபோது ஒரே சுரமோ மட்டும் தெளிவாகக் கேட்கும். ஏனெனில், அடிச்சுரத்தை டபிள் பேஸ் தாங்குகின்றது. மேற்சுரங்களைப் பியானோவும் ஊதுகருவிகளும் கொள்கின்றன. கிதாருக்கு எஞ்சியது நடுவிடமே. இதனைப் பயில்வோர் ஆறாம், நான்காம், மூன்றாம் தந்திகளை மட்டும் அழுத்தி, ஏனையவற்றை விரலின் பக்கத்தால் தொட்டு அடக்குதல் வேண்டும். ஓர் ஆவர்த்தத்தின் நான்கு அடிகளையும் மேலிருந்து கீழாகவே மீட்டுதல் வேண்டும். மீட்டியவுடன் இடக்கை விரல்களின் அழுத்தத்தை நெகிழ்த்தி ஒலியை அடக்கல் வேண்டும். விரலைத் தந்தியினின்று முற்றும் எடுப்பின் வெறுந்தந்தி ஒலித்து விடும். இரண்டாம் நான்காம் அடிகள் சிறிதே ஓங்கி நிற்கும்.

ஸ்விங் என்னும் சொல் ஊசலாடுதலைக் குறிப்பது. அவ்வாட்டம் யாதெனின், நம் இலக்கணங்கொண்டே விளக்கலாம். ஓர் அடியை இரு கூறாக்கி வாசிக்குங்கால் அவ்விரண்டும் ஒத்த அளவின அல்ல. முன்னது நெடிலும் பின்னது குறிலும் போல, ஏறத்தாழ இரண்டு மாத்திரையும் ஒரு மாத்திரையுமாய் நிற்கும். நடை விரையுந்தோறும் அவ்வேறுபாடு குறைந்து இரண்டும் சமமாதலை நெருங்கும். கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாகக் கூறினர் நம் ஆசிரியர். ஜாஸ் இசைவாணரும் இரண்டாம் நான்காம் அடிகளில் கைந்நொடித்தே இந்நடையைப் பழகுவர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

தாளந் தாங்கிய கிதாரைத் தனிக்குரல் உடையதாக்கியவருள் முதன்மையானவர் சார்லி கிறிஸ்டியன். டெக்ஸாஸில் 1916-இல் பிறந்து ஓக்லஹோமா நகரில் வளர்ந்த இக்கருநிற இளைஞர், 1939-இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்தார். கருப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் இருந்து வாசித்தல் அரிதாயிருந்த காலம் அது. கிப்ஸன் நிறுவனத்தார் 1936-இல் வெளியிட்ட இ.எஸ்.-150 என்னும் மின்கிதாரே அவர் கைக்கொண்டது. அதன் முகப்பலகையின் கீழ்ப் பெருங்காந்தங்களும், தந்திகளின் கீழ் ஓர் எஃகுத் தகடும் அமைந்திருந்தன. அத்தகடு கழுத்துப் பலகையை அடுத்து நின்றமையால் ஒலி கூர்மை தணிந்து, உருண்டு திரண்டு பிறந்தது. வால்வு ஒலிபெருக்கி அதற்கு மேலும் ஒரு வெம்மை சேர்த்தது. சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங்கின் நடையைச் செவியுற்றுப் பழகிய கிறிஸ்டியன், ஊதுகருவி மூச்சு விடுவதுபோல நீண்ட சுரத்தொடர்களை அமைத்தார். 1942-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25. குட்மனுடன் அவர் வாசித்தது மூவாண்டிற்கும் குறைந்த காலமே. அக்குறுகிய காலத்தில் அவர் வகுத்த நெறியையே பின்வந்தோர் பின்பற்றினர்.

இவ்வொலியில் மயங்கிய யானும் சென்ற ஆண்டு விடுதி விழாவிற்கென ஒரு நண்பரின் மின்கிதாரை இரவல் பெற்று முயன்றேன். குமிழ்களைத் திருகித் திருகி ஒரு திங்கள் கழித்தேன். ஒலி சிறிதும் நெருங்கவில்லை. பின்னர் மூன்றாம் தந்தி உலோகச் சுற்றுடையதாயுள்ள தடித்த தந்திகளையும், கனத்த மீட்டுவில்லையையும் கொண்டேன், சிறிது நெருங்கியது. இறுதியில் என் வாசிப்பைக் கைப்பேசியிற் பதிந்து கேட்டபோதுதான் பிழை வெளிப்பட்டது: என் இடக்கை எப்போது ஓயவேண்டுமோ அப்போது ஓயவில்லை. ஒலியைத் தேடிய யான் ஒலியின் அடக்கத்தைத் தேடினேனல்லேன். பதினைந்து நாட்கள் ஒலிபெருக்கியை மூடிவைத்து, நான்கு அடிகளையே மெல்ல மெல்ல மீட்டினேன். விழாவன்று எவரும் என்னைத் தனித்துப் பாராட்டவில்லை. பாடியவர் மட்டும், “இன்று பாட்டுத் தானே நடந்தது” என்றார். அச்சொல்லே எனக்குப் போதுமாயிற்று.

ஆதலின், இதனைப் பயில விழையும் நண்பர்களுக்கு யான் கூறுவது இதுவே. முதலிற் செவி, அடுத்துக் கை, அதன்பின்னரே கருவி. மூன்று நிமிடமே ஓடும் பழைய இசைத்தட்டுகளின் பதிவுகளைப் பலகால் கேட்பீராக. அவற்றில் ஒலிமங்கல் பெரிதும் அக்காலப் பதிவின் குறை. அதனைப் பின்பற்ற வேண்டா. நடையையும் அளவையுமே பின்பற்றுக. விலையுயர்ந்த கருவி இல்லாதாரும் அவ்விரண்டையும் பெறலாம். ஒரு கூட்டத்தின் நடுவே தன்னை மறைத்து, கூட்டம் முழுவதையும் நடத்திச் செல்லும் கை ஒன்று உண்டென்பதை இவ்விசை நமக்கு அறிவிக்கின்றது. அஃது இசைக்கு மட்டும் உரிய பாடம் அன்று.