விரல்நுனியில் ஒரு காவலன்

அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளியின் விரலில் சிறு கவ்வி ஒன்று மாட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் எனப்படும் அக்கருவி, இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை ஊசியின்றி அறிவிக்கிறது.

முன்னர், தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தே பெரும்பாலும் இதனை அறிந்தனர். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

கவ்வியிலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவுகின்றன. ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும், ஆக்சிஜன் இழந்த இரத்தம் மிகுதியாகவும் உறிஞ்சும். ஆயினும் தோலும் எலும்பும்கூட ஒளியை மறைக்குமே. தமனி இரத்தத்தை மட்டும் பிரித்தறிவது எவ்வாறு? ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி, இதயம் வெளியேற்றும் இரத்த அளவை ஒளியால் கணிக்க முயன்றபோது நாடித்துடிப்பு குறுக்கிட்டது. அத்தொல்லையையே அவர் துணையாக்கினார்: துடிப்போடு ஏறியிறங்கும் ஒளியே தமனி இரத்தத்தைக் காட்டும். 1974-ஆம் ஆண்டு இம்முறை அறிவிக்கப்பட்டது.

நலமுடன் இருப்போர்க்குப் பொதுவாக 95 முதல் 100 விழுக்காடு வரை காணப்படும். நாட்பட்ட நுரையீரல் நோயுடையோர்க்கு மருத்துவர் வேறு அளவு வகுக்கலாம். நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்த விரல், கை அசைவு ஆகியவை அளவைப் பிறழச் செய்யக்கூடும். எனவே எண்ணை மட்டும் நோக்காது நோயாளியையும் நோக்குங்கள். எண் சரியாக இருப்பினும் மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ தோன்றினால், தயங்காது செவிலியரை அழையுங்கள்.