ஒடுக்கியும் மின்னேற்றமும்

1746 ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரிலே, பேராசிரியர் முசன்புறூக் என்பார் நீர் கொண்ட கண்ணாடிச் சாடியொன்றில் மின்னைச் சேர்க்க முயன்று பேரதிர்ச்சியுற்றார். அச்சாடியே, கொள்ளளவி எனவும் வழங்கும் ஒடுக்கியின் முன்னோடியாகும்.

இரு உலோகத் தகடுகளும் அவற்றைப் பிரிக்கும் காவலியுமே ஒடுக்கியின் உறுப்புக்கள். மின்கலத்தோடு இணைக்குங்கால், ஒரு தகட்டிலிருந்து இலத்திரன்கள் நீங்க, மற்றதில் அதே அளவு வந்து சேரும். எனவே மொத்த ஏற்றம் மாறுவதில்லை. நேரேற்றமும் மறையேற்றமும் பிரிந்து நிற்கின்றன. அவை ஒன்றையொன்று கவர்கின்றன. காவலி அவற்றைச் சேரவொட்டாது தடுக்கின்றது. அக்கவர்ச்சியை எதிர்த்துச் செய்த வேலையே தகடுகளுக்கிடையேயுள்ள மின்புலத்திற் சத்தியாகத் தங்குகின்றது. தகட்டின் பரப்புக் கூடினும், இடைவெளி குறையினும் கொள்ளளவம் மிகும்.

ஈண்டு மாணவர்க்கு நாம் வற்புறுத்த விழைவது ஒன்றுண்டு. ஆளியை அணைத்தவுடன் மின் முற்றாக நீங்கிற்றெனக் கருதுதல் தவறு. 300 உவோற்றுக்கு ஏற்றப்பட்ட 100 மைக்கிரோபரட்டு ஒடுக்கி, 4.5 யூல் சத்தியை அடக்கி வாளாவிருக்கும். பழைய வானொலிப் பெட்டியைப் பழுதுபார்க்குமுன், மின்னிணைப்பை நீக்கி, தக்கதொரு தடையினூடாக ஒடுக்கியை மின்னிறக்கி, உவோற்றுமானியாற் சோதித்தல் வேண்டும். லெய்டனிலே அப்பேராசிரியர் பட்டறிந்த பாடத்தை நாமும் பட்டே அறிய வேண்டுவதில்லை.