சார்பற்ற டி-சோதனையா, இணை டி-சோதனையா?

இரண்டு சராசரிகளுக்கிடையே உள்ள வேறுபாடு தற்செயலானதா என ஆராயும் டி-சோதனை, டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது. இரு குழுக்களிலும் வெவ்வேறு நபர்கள் இருந்தால் சார்பற்ற சோதனையும், ஒரே நபர்களை இருமுறை அளந்திருந்தால் இணைச் சோதனையும் பொருந்தும். அக்கட்டுரை எடுத்தாண்ட தூக்கமருந்துத் தரவில் 10 நோயாளிகளும் இரு மருந்துகளையும் உட்கொண்டிருந்தனர். கூடுதல் தூக்கத்தின் சராசரி ஒன்றில் 0.75 மணி, மற்றொன்றில் 2.33 மணி. இவர்களை இரு தனிக் குழுக்களாகக் கொண்டால், ஆளுக்கு ஆள் மாறும் தூக்க இயல்பு மருந்தின் விளைவை மறைத்துவிடுவதால், பி-மதிப்பு, அதாவது மருந்துகள் வேறுபடாதபோதும் இவ்வளவு அல்லது இதனினும் பெரிய வேறுபாடு தோன்றும் நிகழ்தகவு, ஏறத்தாழ 0.08 ஆகிறது, ஒவ்வொருவரின் இரு அளவுகளையும் கழித்து ஆராய்ந்தாலோ அது 0.003 ஆகக் குறைகிறது. எனவே, சோதனையைத் தீர்மானிக்க வேண்டியது தரவு திரட்டப்பட்ட முறையே. கிடைத்த முடிவு அன்று.