ஆயுதச் சட்டமும் பிரஜையின் மானமும்

துப்பாக்கி வைத்துக்கொள்வது பிரஜையின் உரிமையா, சர்க்கார் மனமிரங்கி அளிக்கும் சலுகையா? அமெரிக்காவில் இவ்விவாதம் ஓய்ந்தபாடில்லை. அதைப் பார்த்து நம்மவரிலும் சிலர், "இந்நாட்டிலும் அவ்வுரிமை வேண்டும்; காங்கிரஸ் மகாசபையே ஒரு காலத்தில் அதைக் கேட்கவில்லையா?" என்று வாதிக்கத் தொடங்கியிருக்கின்றனர். கேட்டது மெய்தான். ஆனால் நம் முன்னோர் எதைக் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு இப்படி வாதிப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

தென்னாட்டாருக்கு இக்கதை பிறரைவிட முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது. 1799ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலேறினர். அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, சென்னைக் கவர்னராயிருந்த கிளைவ் பிரபு (பிளாசியில் வென்ற கிளைவின் குமாரர்) ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் சேர்வைகாரர்களும் அவர்களைச் சேர்ந்த ஜனங்களும் துப்பாக்கி, ஈட்டி முதலியவற்றை ஒப்படைத்துவிட வேண்டும், கோட்டைகள் இடிக்கப்படும், மீறி ஆயுதம் வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை! சீமையெங்கும் ஊர்க்காவல் புரிந்துவந்த குடிகளின் கைகள் ஒரே காகிதத்தினால் வெறுங்கைகளாயின.

அரசாங்கத்தை எதிர்த்துப் போரிட்டவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிப்பது எந்த வெற்றியாளனும் செய்வதுதான் என்று ஒருவர் சொல்லலாம். 1878ல் லிட்டன் பிரபு இயற்றிய ஆயுதச் சட்டத்துக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. தேசபாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய அதே வருஷத்தில்தான் தேசத்தின் கையையும் கட்டினார் அவர். பத்திரிகைச் சட்டத்தை 1882ல் ரிப்பன் பிரபு ரத்து செய்தார். ஆயுதச் சட்டமோ நிலைத்துவிட்டது. அச்சட்டத்தின் கொடுமை லைசென்ஸ் வேண்டும் என்று சொன்னதில் இல்லை. லைசென்ஸ் எந்த நாகரிக தேசத்திலும் இருக்கத்தக்கதே. ஐரோப்பியனுக்கு லைசென்ஸ் வேண்டாம், இந்தியனுக்கு மாத்திரம் வேண்டும் என்று விதிகள் வகுத்தனவே, அதுதான் கொடுமை. தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவனை நம்பத்தக்கவன் என்றும், மற்றொருவனைச் சந்தேகத்துக்குரியவன் என்றும் சர்க்காரே முத்திரை குத்திற்று.

இந்த அவமானத்தை எதிர்த்து 1887 டிசம்பரில் குரல் எழுந்த இடம் நமது சென்னை நகரமே. பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் இங்கு கூடிய மூன்றாவது காங்கிரஸ், ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஜனங்களின் ராஜ விசுவாசத்தை எடுத்துக்காட்டிக் கெஞ்சும் அதன் நடை இன்று நமக்குச் சிரிப்பை வருவிக்கலாம். ஆனால் அதன் சாரத்தைக் கவனியுங்கள். எல்லோரும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்பது பொது விதியாக இருக்கட்டும்; யாரையாவது அல்லது எந்த வகுப்பாரையாவது தடுக்க வேண்டுமானால், அதற்குரிய காரணத்தை எழுத்தில் பதிவு செய்து சர்க்கார் பகிரங்கப்படுத்தட்டும் என்பதே அக்கோரிக்கை. தடுக்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. காரணமின்றித் தடுக்காதே என்றார்கள்.

அஹிம்சையையே ஆயுதமாகக் கொண்ட மகாத்மா காந்தியும் இவ்விஷயத்தில் மௌனமாயிருக்கவில்லை. 1930 ஜனவரியில் இர்வின் பிரபுவுக்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்குவதும் ஒன்று. அதிலும் ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே வழங்கப்பட வேண்டும் என்று சேர்த்திருந்தார். 1931ல் கராச்சி காங்கிரஸ் பிரகடனம் செய்த அடிப்படை உரிமைகளிலும் ஆயுத உரிமை இடம்பெற்றது. அங்கும் ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனை கூடவே வந்தது. காங்கிரஸைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்த நிபந்தனையை விழுங்கிவிடுவது ஏன் என்று நமக்கு விளங்கவில்லை.

பின்னர் சுயராஜ்யம் வந்தது. 1948 டிசம்பர் முதல் வாரத்தில் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ எச். வி. காமத், ஆயுத உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்க்குமாறு ஒரு திருத்தம் பிரேரேபித்தார். டாக்டர் அம்பேத்கார் அதை ஏற்கவில்லை. அடிமை ஜனங்கள் ஒன்றுதிரண்டு அந்நிய ஆட்சியைக் கவிழ்த்துவிடாதபடி தடுக்கவே ஆங்கிலேயர் அச்சட்டத்தைச் செய்தனர்; அந்த அடிப்படை இப்போது மறைந்துவிட்டது; ஒவ்வொருவனும் கடைக்குப் போய்த் தன் இஷ்டம்போல் கொலைக் கருவிகளை வாங்கலாம் என்றால் ராஜ்ய நிர்வாகம் எப்படி நடக்கும் என்று அவர் கேட்டார். திருத்தம் தோற்றது.

தோற்றது நன்மைக்கே என்பது நமது திடமான அபிப்பிராயம். ஆட்சி செய்பவர்களை வாக்குச் சீட்டினால் இறக்க முடியாத காலத்தில் ஆயுத உரிமைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. வாக்குரிமை பெற்ற பிறகு, வேண்டாத ஆட்சியை மாற்றும் வழி துப்பாக்கிக் குழாயின் வழியாகப் போகவில்லை. 1791ல் அரசியல் சட்டத்தில் ஆயுத உரிமையை எழுதிவைத்த அமெரிக்காவைப் பாருங்கள். அது தனி மனிதனின் உரிமைதான் என்று 2008ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் தீர்ப்பளித்தனர். 2021ம் வருஷத்தில் மாத்திரம் அங்கே துப்பாக்கியால் மாண்டவர் 48,000 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டைக் காக்க வாங்கிய துப்பாக்கி, மனம் கலங்கிய ஓர் இரவில் வீட்டுக்காரனையே பலி கொள்கிறது.

ஆனால் அடிப்படை உரிமை இல்லை என்பதால் அதிகாரி வைத்ததே சட்டம் என்றாகிவிடாது. பழைய சட்டத்தை நீக்கி 1959ல் நமது பார்லிமெண்டு இயற்றிய ஆயுதச் சட்டத்தை நம் ஊழியர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? அதன் 14-வது பிரிவு ஒரு விசேஷம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு லைசென்ஸை மறுக்கக்கூடாது என்று அது விதிக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மனுதாரர் கேட்டால், பொது நலனுக்குப் பாதகமில்லாத வரையில், அதன் சுருக்கத்தை அவரிடம் தர வேண்டும். 1887ல் சென்னைப் பந்தலில் கேட்ட அதே கோரிக்கை, எழுபத்திரண்டு வருஷங்கள் கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது!

அனுபவத்தில் நடப்பது வேறு. பல இடங்களில் துப்பாக்கி என்பது அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. கலியாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு, கூட்டத்தில் நிற்பவன் மீது குண்டு பாயச் செய்யும் அநாகரிகத்துக்கென்றே 2019ல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு வருஷம் வரை சிறையும் லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வேண்டியதாயிற்று. அதே திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இது சரியே. மூன்றாவது துப்பாக்கியால் எந்தத் திருடனை விரட்டப் போகிறார்கள்? குடகில் கொடவர்களுக்கு ஆங்கிலேயர் காலம்தொட்டு வரும் லைசென்ஸ் விலக்கு மட்டும் 2019ல் மேலும் பத்து வருஷங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. துப்பாக்கிக்குப் பூஜை செய்யும் அவர்களது மரபை நாம் மதிக்கிறோம். ஆயினும் பிறப்பைப் பார்த்து விலக்கு அளிக்கும் முறையைத்தான் 1878ல் வெறுத்தோம் என்பதையும் மறக்க முடியவில்லை.

மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிகளிடமிருந்து மரவள்ளியையும் கடலையையும் காப்பாற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி கேட்கும் சிறு விவசாயியின் நிலை என்ன? பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்குவதை 1959ம் வருஷச் சட்டம் தனியே குறிப்பிட்டிருக்கிறது. அப்படி இருக்க, செல்வாக்குள்ளவனுடைய மனு மேஜை மேஜையாக ஓடுவதும் இவனுடைய மனு கட்டில் உறங்குவதும் எந்த நியாயத்தில் சேர்ந்தது? கிராமங்களில் வேலை செய்யும் ஊழியர்கள் இவனுக்கு உதவ வேண்டும். மனு மறுக்கப்பட்டால் 14-வது பிரிவைக் காட்டிக் காரணத்தை எழுத்தில் கேட்கட்டும். காரணம் பொருந்தாததாயின் 18-வது பிரிவின் கீழ் மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்யட்டும். அவனுக்குத் துப்பாக்கி கொடுப்பது தகாது என்று ஜில்லா அதிகாரி உண்மையாகவே கருதினால், அதைக் கையொப்பமிட்டுச் சொல்வதில் அவருக்கு என்ன சிரமம்?