கீழிருந்து ஏறிய கழகங்கள்

நமது கரையோரச் சிற்றூர்களின் மாலைப்பொழுதை உதைபந்தாட்டத்திலிருந்து பிரித்துப் பார்த்தல் அரிது. காலையிலே கரைவலை இழுத்துக் களைத்த கால்களே, வெயில் தாழ்ந்ததும் முல்லைத்தீவின் மணலிலே பந்தின் பின்னால் ஓடுவதைக் காணலாம். ஊருக்கு ஊர் ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு நிறச் சட்டை, ஆண்டுதோறும் சுற்றுப்போட்டிகள். இத்துணை ஆர்வம் நிறைந்த இடத்திலே, இளைஞர்கள் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. ஊர்ப் போட்டியில் வென்ற கழகம் அடுத்து எங்கே செல்வது?

இங்கிலாந்தில் இவ்வினாவுக்கு நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கண்டுவிட்டனர். 1888 ஆம் ஆண்டு 12 கழகங்களுடன் அங்கே லீக் போட்டி தொடங்கிற்று. இந்நாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த நான்கு பிரிவுகளில் 92 கழகங்கள் ஆடுகின்றன. பருவம் முடிந்ததும் ஒரு பிரிவின் உச்சியில் நிற்போர் மேற்பிரிவுக்குச் செல்வர்; அடியில் நிற்போர் கீழே இறங்குவர். அந்நான்குக்கும் கீழே சிறுநகர்க் கழகங்களின் பிரிவுகள் படிப்படியாக நீண்டு செல்கின்றன. ஆகவே எத்துணைச் சிறிய கழகமாயினும், நாட்டின் உச்சிக்குச் செல்லும் ஏணியின் ஏதோ ஒரு படியிலே நிற்கின்றது எனலாம்.

நம் அயலிலே இத்தகைய ஏணி எவ்வாறு அமைந்தது, எங்கே முறிந்தது என்பதை அறிய, கல்கத்தா நகரின் மொகமதன் ஸ்போட்டிங் கழகத்தின் வரலாறு பெரிதும் உதவும். இன்று கொல்கத்தா என வழங்கும் அந்நகரில் 1891 ஆம் ஆண்டு தோன்றியது அக்கழகம். கல்கத்தா லீக் 1898 இல் தொடங்கியபோது, அது ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியக் கழகங்களும் ஆடும் களமாகவே இருந்தது. பின்னர் இந்தியக் கழகங்கள் சில உள்ளே வந்தன. எனினும், முதற்பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இடமில்லை என்றொரு விதி இருந்தது. மோகன் பகான் கழகம் வெறுங்காலுடன் ஆடி, 1911 இலேயே ஓர் ஆங்கிலேயப் படைப்பிரிவை வென்று கேடயம் பெற்றது. ஆயினும் அவ்விதி நீங்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் கழகம் இரண்டாம் பிரிவில் தன் திறமையை நிலைநாட்டி, இவ்விதியை எதிர்த்து நின்றது. 1925 இல் அதற்கு முதற்பிரிவில் இடம் கிடைத்தது. அன்றுதான் கதவு உண்மையாகத் திறந்தது.

அக்கதவின் வழியே வந்ததுதான் மொகமதன் ஸ்போட்டிங். கீழ்ப்பிரிவுகளிலே நெடுங்காலம் ஆடிய அக்கழகம், 1934 இல் முதன்முறையாக முதற்பிரிவில் அடியெடுத்து வைத்தது. வந்த ஆண்டிலேயே வெற்றிக்கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவ்வெற்றி அதன் கையைவிட்டு அகலவில்லை. இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. மாரிக்காலச் சேற்றிலே வெறுங்கால் வழுக்கும் என்றுணர்ந்து வீரர்களைச் சப்பாத்து அணிந்து ஆடப் பழக்கினர். பெங்களூர் போன்ற தொலைவான இடங்களிலிருந்தும் திறமைசாலிகளைத் தேடிக் கொணர்ந்தனர். 1940 இல் படையினரின் கோட்டையாக விளங்கிய டுராண்ட் கிண்ணத்தையும் அக்கழகம் வென்றது.

இத்தகைய கழகமும் பிற்காலத்தில் தாழ்ந்தது. 2014 இல் ஐ-லீக் எனப்படும் அகில இந்தியப் போட்டியிலிருந்து கீழே இறங்கியது. அதே ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் என்ற புதிய போட்டி, பெருஞ்செல்வர்களின் முதலீட்டுடன் தொடங்கிற்று. அதில் இடம்பெறும் வழி ஆடுகளத்தின் வழியன்று, பணத்தின் வழி. கல்கத்தாவின் மற்றை இரு பெருங்கழகங்களான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020 இல் அப்போட்டிக்குள் நுழைந்தன. ஒன்று வேறொரு கழகத்துடன் இணைந்து சென்றது. மற்றது முதலீட்டாளரின் துணையுடன் சென்றது. மொகமதன் ஸ்போட்டிங்கோ அதே 2020 இல் தகுதிப் போட்டி ஆடி, மீண்டும் ஐ-லீக்கை அடைந்தது.

ஐ-லீக்கில் முதலிடம் பெறும் கழகம் மேலே செல்லலாம் என்ற விதி 2022-23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்பருவத்தில் பஞ்சாப் கழகம் அவ்வழியே ஏறிய முதற்கழகமாயிற்று. மொகமதன் ஸ்போட்டிங் அதற்கு முந்திய பருவத்திலேயே உச்சியின் அருகே வந்திருந்தது. 2022 மே மாதத்தில், தன் நகரின் சால்ட் லேக் மைதானத்தில், இறுதி ஆட்டத்திலே கோகுலம் கேரளா அணியிடம் 2-1 எனத் தோற்று, கிண்ணத்தை இழந்தது. அடுத்த பருவமும் கைகொடுக்கவில்லை.

2023-24 பருவத்தில் ரஷ்யப் பயிற்றுநர் ஆந்திரே செர்னிஷோவின் கீழ் அக்கழகம் ஆடிய ஆட்டம் வேறு. 2024 ஏப்ரல் 6 ஆம் நாள், மலைநகராகிய ஷில்லோங்கில், ஷில்லோங் லஜோங் அணியைச் சந்தித்தது. சமநிலை கிடைத்தாலே போதும் என்ற நிலை. முதல் நிமிடத்திலேயே அலெக்சிஸ் கோமெஸ் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஷில்லோங் அணியினர் தண்ட உதையால் சமன் செய்தனர். பிற்பாதியில் எவ்கெனி கொஸ்லோவ் இரண்டாவது கோலை அடிக்க, 2-1 என வெற்றி கிடைத்தது. பருவ முடிவில் 24 ஆட்டங்களில் 15 வெற்றி, 7 சமநிலை, 2 தோல்வி, 52 புள்ளிகள். கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுள் ஆடுகளத்தில் வென்றே மேற்பிரிவை அடைந்தது இது ஒன்றே என்ற பெருமையும் சேர்ந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். ஏறியவர்கள் அங்கே நிலைத்து நிற்க வேண்டுமே! மேற்பிரிவில் மொகமதன் ஸ்போட்டிங்கின் முதல் வெற்றி 2024 செப்டெம்பரில், சென்னை மைதானத்திலே சென்னையின் எப்.சி. அணிக்கெதிராக 1-0 எனக் கிடைத்தது. அதன்பின் வெற்றிகள் அரிதாயின. வீரர்களின் ஊதியம் நிலுவையில் நின்றது. பயிற்றுநர் செர்னிஷோவ் ஊதியம் கிடைக்காத காரணத்தால் 2025 ஜனவரியில் விலகினார். பருவம் முடிந்தபோது கணக்கு தலைகீழாகி இருந்தது: 2 வெற்றி, 7 சமநிலை, 15 தோல்வி, பட்டியலில் கடைசி இடம். அப்பருவத்தில் மேற்பிரிவிலிருந்து இறங்கும் விதி இல்லாமையால் கழகம் இறங்கவில்லை. ஏறும் வழி மட்டும் இருந்து இறங்கும் வழி இல்லாத ஏணியை முழுமையான ஏணி என்று சொல்வதற்கில்லை.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கது இங்கிலாந்தின் லூட்டன் டவுன் கழகத்தின் கதை. 1905 முதல் அக்கழகம் ஆடிவரும் மைதானம் மிகச் சிறியது. வெளியூர் ஆதரவாளர்கள் வரிசை வீடுகளின் நடுவே அமைந்த வாயிலால் நுழைந்து, பிறர் வீட்டுக் கொல்லைப்புறங்களுக்கு மேலாகச் செல்லும் படிகளில் ஏறித்தான் தங்கள் இடத்தை அடைவர். பணநெருக்கடியில் தவித்த அக்கழகத்துக்கு 2008-09 பருவத்தில் 30 புள்ளிகள் கழிக்கப்பட்டன. விளைவாக, 2009 இல் மேற்சொன்ன 92 கழகங்களின் வரிசையிலிருந்தே அது வெளியேறிற்று. அவ்வாண்டு வன்னி மக்களுக்கு எத்தகைய ஆண்டு என்பதை நான் கூற வேண்டியதில்லை. அத்துயரோடு ஒரு விளையாட்டுக் கழகத்தின் வீழ்ச்சியை ஒப்பிடுதல் தகாது. ஆனால் அனைத்தையும் இழந்தபின் அடிப்படியிலிருந்து தொடங்குவது எப்படி என்பதை எவரிடமிருந்தும் கற்கலாம்.

லூட்டனை மீட்டவர்கள் அதன் ஆதரவாளர்களே. அவர்கள் கூடிக் கழகத்தைப் பொறுப்பேற்று, வரவுக்கு மீறிச் செலவிடாது நடத்தினர். 2014, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு படியாகக் கழகம் ஏறிற்று. 2022-23 பருவத்தின் நடுவே பயிற்றுநர் விலகிச் செல்ல, ரொப் எட்வேட்ஸ் அப்பொறுப்பை ஏற்றார். பட்டியலில் மூன்றாம் இடம் பெற்ற அணி, 2023 மே 27 ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் கொவென்றி அணியுடன் இறுதித் தகுதியாட்டம் ஆடியது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தலைவர் டொம் லொக்கியர் மயங்கி விழுந்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிய, தண்ட உதைகளில் 6-5 என லூட்டன் வென்றது. 31 ஆண்டுகளுக்குப் பின் உச்சப் பிரிவை மீண்டும் அடைந்தது. ஐந்தாம் படியில் நின்ற நாளிலேயே அக்கழகத்தில் சேர்ந்த பெலி ருடொக் ம்பன்சு என்னும் வீரர், முதற்படி வரை அதனுடன் ஏறி வந்தார். அடுத்த இரு பருவங்களிலும் லூட்டன் இறங்கியது உண்மையே. ஆனால் அந்த ஏணி அங்கேயேதான் நிற்கிறது. வென்றால் மீண்டும் ஏறலாம்.

இனி நம் நாட்டின் நிலையை நோக்குவோம். 2021 இல் இலங்கையில் சூப்பர் லீக் போட்டி தொடங்கியபோது 10 கழகங்கள் அதில் ஆடின. வடமாகாணத்துக் கழகம் ஒன்றேனும் அவற்றுள் இல்லை. திறமை இல்லாமையால் இந்நிலை ஏற்பட்டது என்று நம் கடற்கரை ஆட்டத்தைக் கண்ட எவரும் கூறார். ஊரிலிருந்து பிரதேசம், மாவட்டம், மாகாணம், நாடு என்று செல்லும் வழி, எவரும் ஐயமின்றி அறியத்தக்கதாக வகுக்கப்பட வேண்டும். இந்தப் போட்டியில் வென்றால் அடுத்த ஆண்டு இந்தப் பிரிவில் ஆடலாம் என்று ஒரு சிறுவனுக்கு இன்றே சொல்ல முடிய வேண்டும். அது மேலிருப்போர் செய்ய வேண்டிய கடமை.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கழகத்தின் வரவு செலவைப் புத்தகத்தில் எழுதிப் பொதுக்கூட்டத்திலே வாசித்தல், தலைமை மாறினாலும் கழகம் நிலைக்க விதிகளை வகுத்தல், வெளியூர்ப் பயணச் செலவுக்கு ஊரார் சிறுதொகை சேர்த்து வைத்தல் ஆகியவை பந்தை உதைக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய பணிகள். கணக்குப் படித்த மாணவன் தன் ஊர்க் கழகத்தின் பொருளாளராகலாம். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் நன்கொடைக்கு முறையான பற்றுச்சீட்டு எழுதலாம். ஊதியம் நின்ற நாளில் கல்கத்தாக் கழகம் தளர்ந்ததையும், ஆதரவாளர் கணக்கைச் சீர்செய்தபின் லூட்டன் எழுந்ததையும் கண்டோம். கதவு ஒருநாள் திறக்கும்போது அதன் வழியே செல்லத்தக்க கழகங்கள் நம்மிடம் இருத்தல் வேண்டும். அவற்றை இந்த ஆண்டிலேயே கட்டியெழுப்பத் தொடங்குவோமாக.